பள்ளிக்கரணை சதுப்புநிலம்: பசங்களோட போனவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. அரையாண்டு லீவுக்கு மதுரையிலிருந்து அக்கா பசங்க ரெண்டு பேர் வர்றாங்க, எட்டு வயசும் அஞ்சு வயசும். கூடவே முட்டிவலியோட அம்மா.

2015 வெள்ளத்துல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியுற தண்ணியை இந்தச் சதுப்புதான் வாங்கி வச்சுக்கிட்டு, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்கு விடுது. அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துல கடலுக்குப் போகுது. சதுப்பு சுருங்கினா தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. 2022-ல, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல இது சேர்ந்தப்போ அவ்வளவு சந்தோஷம். பசங்களுக்கு இதை நேர்ல காட்டிச் சொல்லணும்.

போன வாரம் வேளச்சேரி–தாம்பரம் ரோட்டுல, பஸ் ஜன்னல் வழியா ஒரு நீலத் தாழைக்கோழியைப் பார்த்தேன். சிவப்புக் காலை ஒவ்வொண்ணா தூக்கி வச்சு கோரைக்குள்ள நடந்து மறைஞ்சுது.

சூழல் பூங்கா காலையில எத்தனை மணிக்குத் திறக்குது? அம்மா உட்கார நிழலும் கழிப்பறையும் இருக்கா? பூநாரைங்க எந்தப் பக்கம் கிட்டத்துல தெரியும்? மதியத்துக்குள்ள முட்டுக்காடு படகுக்கும் போயிட முடியுமா? மேடவாக்கம் பக்கம் யாராவது ஒரு நாளைக்கு பைனாகுலர் இரவல் தந்தா, பத்திரமா திருப்பித் தந்துடுறேன்.