டாட்சன் 240இசட் கார்: பின்பக்க டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடலாமா?

மலைச்சாலை:
என்னிடம் இருப்பது 1972 மாடல் 240இசட். முன்னால் டிஸ்க், பின்னால் 9 அங்குல டிரம், எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறது. மலை இறக்கத்தில் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் சில வளைவுகளிலேயே பெடல் கீழே இறங்கிவிடுகிறது. பின்பக்க டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் கிட் போடலாம் என்று நினைக்கிறேன். போட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய இரும்பு:
அவசரப்பட வேண்டாம் நண்பரே. கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி சுமார் 1,000 கிலோ, வீல்பேஸ் 2.3 மீட்டர். எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 80 சதவீதம்) அளவுக்கு அழுத்திப் பிடித்தால் ஏறக்குறைய 175 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். நிற்கும்போது சரிபாதி என்றாலும், பிரேக் பிடிக்கும்போது பின்னால் மிஞ்சுவது 325 கிலோதான். அந்த எடையில் டயர் தாங்கும் அளவுக்கு உங்கள் டிரம்மே பிடிக்கும்.

முதலில் பிரேக் ஆயிலைப் பாருங்கள். புது டாட் 3 ரக ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140 வரைக்கும் இறங்கலாம். கொதித்தால் குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

வட்டத்தட்டு:
நீங்கள் சொல்வது பிடியின் அளவு. அவர் கேட்பது சூட்டைப் பற்றி. டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகுகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பெடல் கீழே போகிறது. டிஸ்க் சூடானால் தடித்து, அதை இருபுறமும் கவ்வும் பேடை நோக்கியே வரும். இன்னொன்று: டிரம்மில் முன் ஷூவைச் சுழற்சியே உள்ளே இழுத்து அழுத்துகிறது. அதனால் ஷூ மேல் இருக்கும் லைனிங்கின் உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடி நிறைய மாறும். தண்ணீரில் இறங்கி ஏறினால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். வளைவுக்குள் போகும்போது அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பழைய இரும்பு:
சரி, அந்த இழுவை டிஸ்க்கில் கிடையாதே? அதை ஈடுகட்ட, பேடை அழுத்தும் காலிப்பரில் பெரிய பிஸ்டன் வேண்டும். அது கூடுதல் ஆயில் கேட்கும், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடல் இன்னும் நீளும். பெரிய மாஸ்டர் போட்டால் பெடல் கல்லாகிவிடும். டிரம் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் ரெசிடுவல் வால்வு இருந்து அதை எடுக்காமல் விட்டால் பேடு டிஸ்க்கிலேயே உரசிக்கொண்டிருக்கும். ஹேண்ட்பிரேக் கேபிளுக்கும் வழி செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட, பின்சக்கரம் முதலில் லாக் ஆனால், அதாவது உருளாமல் நின்றுவிட்டால், வண்டி சுழன்றுவிடும்.

வட்டத்தட்டு:
அதற்குத்தான் புரபோர்ஷனிங் வால்வு இருக்கிறது.

பழைய இரும்பு:
அது பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைக்க மட்டும்தான் செய்யும். காசு கொடுத்துப் பிடியை வாங்கிவிட்டு, வால்வு போட்டு அதையே குறைப்பதா?

வட்டத்தட்டு:
கூடுதல் பிடி எனக்கு வேண்டாம். முதல் வளைவில் இருந்த அதே பிடி பத்தாவது வளைவிலும் வேண்டும். டிராக்கில் ஓட்டுபவர்கள் டிஸ்க்குக்கு மாறுவது இதற்காகத்தான்.

கிரீஸ் கை:
நடுவில் ஒரு விஷயம். டிரம்மில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைப் பெரிதாக்கச் சொல்லிச் சிலர் வருவார்கள். விட்டம் 3/4 அங்குலத்திலிருந்து 7/8 என்றால் சின்ன மாற்றமாகத் தெரியும், ஆனால் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். வெறுமனே மாற்றாதீர்கள். டிரம் வட்டம் கெடாமல் இருக்கிறதா, ஷூ முழுசாகப் படிகிறதா, ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இறுகிக்கிடக்கிறதா, ரப்பர் ஹோஸ் ஊதுகிறதா என்று பாருங்கள்.

மலைச்சாலை:
டிரம்மைக் கழற்றினேன். ஷூவின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கிறது, இரு ஓரமும் புதுசு மாதிரி இருக்கிறது. ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று முந்தைய உரிமையாளருக்கே தெரியவில்லை.

பழைய இரும்பு:
அப்படியென்றால் பிரேக்கில் பாதி வேலையே செய்யவில்லை! ஷூவை டிரம்மின் வளைவுக்குச் சரியாகப் படியவைத்து, கொதிநிலை கூடிய டாட் 4 ஆயில் ஊற்றி, முன்னால் நல்ல பேடு போட்டு, அதே இறக்கத்தில் இறங்கிப் பாருங்கள்.

வட்டத்தட்டு:
அதைச் செய்யுங்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டிராக்குக்குப் போகும் எண்ணம் இருந்தால் என் பதில் மாறாது. கிட் வாங்கும்போது காலிப்பர், மாஸ்டர், வால்வு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள். காலியான நேர்சாலையில் பிடித்துப் பார்த்து, முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆகிறது என்று உறுதியான பிறகே மலைக்கு எடுங்கள்.

பழைய இரும்பு:
எதைப் போட்டாலும் அந்த அலுமினிய டிரம்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஷூ பொருத்தியிருக்கும் பேக்பிளேட்டையும் வெட்டாமல் கழற்றி எடுத்து வையுங்கள்.