முல்லையும் மல்லியும் ஒரே கோப்பு: அப்லோட் அனுபவங்கள்

காவிரிக்கரை:

போன ஜூனில் வாங்கிய அடியை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு கல்லூரியின் சேர்க்கை விண்ணப்பத் தளம், ஜாங்கோவில் (பைதான் மொழியில் வலைத்தளம் கட்டும் சட்டகம்) எழுதியது. இரண்டு வருடமாகப் படங்களும் சான்றிதழ்களும் சர்வரின் டிஸ்க்கிலேயே கிடந்தன. இடம் பற்றாமல் போனதும் அமேசானின் இணையச் சேமிப்பான எஸ்3-க்கு மாற்றினேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. இரண்டையும் இணைக்கும் ஜாங்கோ-ஸ்டோரேஜஸை நிறுவி, செட்டிங்ஸில் நாலு வரி. ஒரு படம் ஏற்றிப் பார்த்தேன், ஏறியது, தெரிந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் கல்லூரி அலுவலகத்திலிருந்து போன். "சார், பையன் விண்ணப்பத்தைத் திறந்தா ஒரு பொண்ணு போட்டோ வருது."

முதலில் கேஷ், அதாவது பிரவுசர் சேமித்து வைத்த பழைய பிரதி, என்று நினைத்தேன் (எதற்கெடுத்தாலும் அதைத்தானே நினைப்போம்). டேட்டாபேஸைத் திறந்தால் 23 பேருக்கு ஒரே பாதை, ஒரே பெயர்: 'இமேஜ்.ஜேபிஜி'. ஐபோன் பிரவுசரிலிருந்தே கேமராவைத் திறந்து எடுத்தால் படம் அந்தப் பெயரில்தான் வந்து சேர்கிறது. டிஸ்க்கில் இருந்தவரை இது தெரியவில்லை. அங்கே அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால், ஜாங்கோ ஒரு அடிக்கோடும் கண்டபடி ஏழு எழுத்தும் ஒட்டி வேறு பெயர் கொடுத்துவிடும். ஜாங்கோ-ஸ்டோரேஜஸின் எஸ்3 பகுதியில் வழக்கம் தலைகீழ்: நாமாக மாற்றாதவரை பழையதன் மேலேயே எழுதும். ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது, படிக்காதது நான்தான். பக்கெட்டில் (எஸ்3-இல் கோப்புகள் கிடக்கும் இடம்) வெர்ஷனிங்கும், அதாவது பழைய பிரதியைக் காத்து வைக்கும் வசதியும், போட்டிருக்கவில்லை. கடைசியாக ஏற்றிய பெண்ணின் படம் தவிர மற்ற 22 பேருடையதும் போனது போனதுதான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி வாங்கினோம்.

ஓவர்ரைட் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினேன். அப்புறம்தான் யோசித்தேன், அதுவும் முழுத் தீர்வில்லை. பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. கடைசி நாள் இரவு 11.58-க்கு எல்லாரும் முண்டும்போது அந்தச் சந்தில் இன்னொருவர் நுழைந்துவிடலாம். அதனால் கோப்பின் பாதையையும் பெயரையும் தீர்மானிக்கும் அப்லோட்_டு-வில் ஒரு ஃபங்ஷன் கொடுத்து, பெயரையே யூயூஐடி (நடைமுறையில் இரண்டு முறை வராத நீளமான தற்செயல் குறி) ஆக்கிவிட்டேன். மாணவர் வைத்த பெயர் தனியாக ஒரு ஃபீல்டில் இருக்கிறது, காட்டுவதற்கு மட்டும்.

பூந்தோட்டம்:

அண்ணே, உங்கள் கதையில் பெயராவது முழுசாக இருந்தது. என் கதையைக் கேளுங்கள்.

பூச்செடி விற்கும் ஒரு நர்சரிக்குத் தளம் செய்து கொடுத்தேன். அதுவும் ஜாங்கோ, எஸ்3. உரிமையாளர் சுத்தமான ஆள், ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் பெயர் வைத்துத்தான் ஏற்றுவார்: ரோஜா, அரளி, செம்பருத்தி. பக்கெட்டைத் திறந்து பார்த்தபோது 'ரஜ', 'அரள', 'சமபரதத' என்று வரிசையாக நிற்கின்றன.

காரணம் தேடினால், ஜாங்கோ பெயரைச் சுத்தம் செய்யும் இடம். எழுத்து, எண், அடிக்கோடு, இணைப்புக்கோடு, புள்ளி தவிர மற்றதை எல்லாம் எடுத்துவிடும். புள்ளி என்றால் ஆங்கிலப் புள்ளி! நம் மெய்ப்புள்ளியும் துணைக்காலும் கொம்பும் யூனிகோடு கணக்கில் எழுத்தே இல்லை, குறிகள். பைதானின் ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் கருவி) அவற்றை எழுத்தாக ஏற்பதில்லை. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளிதான் இருக்காது. இங்கே காலும் கொம்பும்கூட இல்லை.

சரி, பெயர் அசிங்கமாக இருக்கிறது, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு. முல்லையில் குறிகளை எடுங்கள்: மலல. மல்லியில் எடுங்கள்: மலல. இரண்டுமே ஜேபிஜி. மேலே காவிரிக்கரை சொன்ன அதே ஓவர்ரைட். முல்லைப் பக்கத்திலும் மல்லி, மல்லிப் பக்கத்திலும் மல்லி. இரண்டும் வெள்ளைப் பூ என்பதால் ஒன்றரை மாதம் யாரும் கவனிக்கவில்லை.

இரவல்நிரல்:

நான் லாரவெல்காரன் (பிஎச்பி மொழியில் ஜாங்கோ மாதிரி ஒன்று). அங்கே ஸ்டோர் என்று சொன்னால் 40 எழுத்தில் தற்செயலான பெயரை அதுவே போட்டுக்கொள்ளும், இந்தத் தொல்லையே இல்லை என்று பீற்றிக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். ஆனால் ஒரு வாடிக்கையாளர், "கோப்பைப் பார்த்ததும் என்னன்னு தெரியணும்" என்று பிடிவாதம் பிடிக்க, பெயரை நாமே கொடுக்கும் ஸ்டோர்ஆஸ் போட்டு அவர்கள் அனுப்பிய பெயரையே வைத்தேன். லினக்ஸ் டிஸ்க்கில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8-ல் (யூனிகோடு எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் முறை) தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக மொத்தம் 85 குறியீடுதான். 'ஸ்ரீ' மட்டுமே 12 பைட் தின்றுவிடும். அவர்கள் வைப்பதோ தீர்மானத்தின் முழு வாசகத்தையும் பெயராக. பாதி கோப்புகள் ஏறவே இல்லை. திரும்ப ஸ்டோருக்கே ஓடிவந்தேன்.

காவிரிக்கரை:

பூந்தோட்டம், அந்த மல்லி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது என் பழைய பக்கெட்டில் தேடினால் 'சனறதழ.பிடிஎஃப்' இருக்கிறது. சான்றிதழ்!

இன்னொன்று. யூயூஐடி ஆக்கியபின், இறக்கும்போது பழைய தமிழ்ப் பெயரில் வர வேண்டும் என்றால் ஹெட்டரில் (கோப்போடு பிரவுசருக்குப் போகும் குறிப்பு) தமிழை அப்படியே போடாதீர்கள். கோப்பை அனுப்பும் ஜாங்கோவின் ஃபைல்ரெஸ்பான்ஸில் பெயரைக் கொடுத்தால் அதுவே சரியாக என்கோடு செய்துவிடும். எஸ்3-யின் கையொப்ப இணைப்பு (குறிப்பிட்ட நேரம் மட்டும் செல்லும் இணைப்பு) வழியாக நேரடியாக அனுப்பினால் அதை நீங்களேதான் செய்ய வேண்டும். கோப்பின் நீட்சியை நான் வைத்துக்கொள்கிறேன், அதுவும் அனுமதித்த நாலைந்தில் ஒன்றாக இருந்தால் மட்டும்.

பூந்தோட்டம்:

நன்றி அண்ணே, நானும் யூயூஐடிக்கு மாறிவிட்டேன். முல்லைப் படம் போய்விட்டதே என்று உரிமையாளரிடம் திரும்பக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினார். பெயரில் தேதியும் வரிசை எண்ணும் மட்டும்தான் இருக்கிறது, எது முல்லை எது மல்லி என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டுமே மல்லிதான்டா."