பி.பி.ஏ. வகுப்பில் மனப்பக்குவம் பாடமாக வேண்டுமா?

காசிமேட்டான்:
எங்கள் கல்லூரியில் உணர்வுத்திறன் வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள்; நம் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் புரிந்து நடந்துகொள்ளச் சொல்லித்தருவார்களாம். முதல் நாளே ஒரு கேள்வித்தாள். 'கோபம் வந்தால் அடக்கிக்கொள்வேன்' என்பதற்கு நாமே ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். யார் ஐந்துக்குக் குறைத்துப் போடுவார்கள்? என் அம்மா துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவர். வஞ்சிரம் கூடை ஏலத்துக்கு வந்தால், எதிரில் நிற்பவர் இன்னும் ஏற்றுவாரா, விட்டுவிடுவாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். பக்கத்தில் நின்று நானும் கற்றுக்கொண்டேன். இதற்கு வகுப்பு எதற்கு?

தண்டையார்பேட்டை டீச்சர்:
தம்பி, அந்தத் தாளைப் பற்றிச் சொன்னது சரி. 1990-ல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் உணர்வுத்திறனை ஒரு திறன் என்றுதான் எழுதினார்கள். பின்னாளில் அவர்கள் உருவாக்கிய தேர்வில் முகப்படத்தைக் காட்டி, இதில் என்ன உணர்வு தெரிகிறது என்று கேட்பார்கள். ஆனால் தாள் கோணல் என்பதால் பாடமே வேண்டாமா? அடுத்தவர் முகத்தைப் படிப்பது பாதிதான். எம்.சி. ரோடு துணிக்கடைகளில் கணக்கெடுக்க ஒரு குழுவை அனுப்பினேன். அதில் ஒரு பையன் கடைக்காரர்களிடம் அவ்வளவு இனிமையாகப் பேசினான். வகுப்புக்கு வந்ததும் கூடப் படிக்கும் பெண், "இந்தக் கூட்டல் தப்பு" என்றாள். லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு வெளியே போனவன், மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

வியாசர்பாடி பட்டதாரி:
ஏன் போனான் என்று கேட்டீர்களா மேடம்? 2022-ல் வந்த தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் கிடைத்த ஆங்கிலப் பயிற்சி எனக்கு உண்மையிலேயே உதவியது. ஆனால் வேலை நேர்காணலில் ஊர் வடசென்னை வியாசர்பாடி என்றதும் எதிரில் இருந்தவர் முகம் மாறியது. நான் பொறுத்துக்கொண்டேன். எப்போதும் எங்களையே அடக்கிக்கொள்ளச் சொன்னால், அது பாடமா? அந்த முகத்துக்கு யார் வகுப்பு எடுப்பது?

தண்டையார்பேட்டை டீச்சர்:
நியாயமான கேள்வி. அவர்களுக்கும் இந்த வகுப்பு வேண்டும்தான். அந்தப் பையனிடம் கேட்டேன். எல்லார் முன்னாலும் சொன்னதுதான் வலித்தது என்றான். "தனியாகச் சொன்னால் நீ காதிலேயே போட்டுக்கொள்வதில்லையே" என்றாள் அவள். அப்புறம் இருவரும் உட்கார்ந்து கூட்டலைத் திருத்தினார்கள். நான் பாடம் என்பது இதைத்தான். ஏலத்தில் இது வராது தம்பி, அங்கே எதிராளியோடு மறுநாள் ஒரே மேஜையில் வேலை செய்ய வேண்டியதில்லை.

காசிமேட்டான்:
மறுநாளும் அதே ஆட்கள்தான் மேடம், முப்பது வருஷமாக! சண்டை போட்டவரிடமே அம்மா ஐஸ் கடன் வாங்குவார். சரி, நீங்கள் சொல்கிற மாதிரி வகுப்பு என்றால் வருகிறேன். மதிப்பெண் மட்டும் வேண்டாம். போட்டால் எல்லாரும் நடிப்போம்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
மதிப்பெண் இல்லாவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். இதில் மட்டும் உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.