தலையில் நாள்பட்ட கட்டியா? வெட்டினால் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள்

உறவுகளுக்கு வணக்கம்.

சித்திக்கு என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவருடைய உச்சந்தலையில் பல வருடமாக ஒரு கட்டி இருந்தது. கொழுப்புக் கட்டி என்று எல்லோரும் விட்டுவிட்டோம். போன வருடம் அது மளமளவென்று பெருத்துப் புண்ணானது. பக்கத்து டவுன் கிளினிக் ஒன்றில் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி கிளம்பியது. அப்புறம் பயாப்சி, அதாவது சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை, செய்ததில்தான் தெரிந்தது, முடிவேரின் உறையிலிருந்து வரும் டிரைக்கிலெம்மல் கட்டி, புற்றாக மாறியிருக்கிறது என்று.

இது மிக அபூர்வம். பெரும்பாலும் வயதான பெண்களுக்குத் தலையில்தான் வரும். சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுப்பதுதான் முக்கிய வைத்தியம். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, மண்டை ஓட்டை அரித்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். எலும்பின் மேலுள்ள சவ்வு மிஞ்சினால் தொடைத் தோலை எடுத்து ஒட்டலாம். சவ்வும் போய்விட்டால் வெறும் எலும்பில் அது பிடிக்காது. பக்கத்துத் தோலை ரத்த ஓட்டத்தோடு திருப்பி மூட வேண்டும். சித்திக்குச் சவ்வு தப்பியது, ஒட்டிய தோலும் நன்றாகப் பிடித்துவிட்டது.

வயதான ஆண்கள் இருக்கும் வீடுகளில் ஆஞ்சியோசார்கோமா என்ற ரத்தக் குழாய்ப் புற்றையும் தெரிந்து வைத்திருங்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் கட்டியாகவே தெரியாது. எங்கோ இடித்துக் கன்றியது போல ஊதா நிறத் தடம் தலையில் இருக்கும், ஆறாமல் படரும். கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டித் தோலுக்குள் பரவியிருக்கும் என்பதால் அறுவையோடு கதிர்வீச்சும், பல நேரம் பக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தும் தேவைப்படும். நுரையீரலுக்குப் போகக்கூடியது, நாள் கடத்தவே கூடாது.

தலைக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை, வீணாகப் பயப்பட வேண்டாம். ஆனால் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் நமக்கு வீடியோ காலில் அம்மாவின் உச்சந்தலை தெரியாது. தலை வாரிவிடுபவரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு முடி வெட்டுபவரிடமும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டியை எடுத்தாலும் பயாப்சி முடிவைக் கையில் வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறினால் எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக் கொண்டு போங்கள், அங்கே மறுபடி பார்ப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும்போதே காட்டிவிடுங்கள்.

யார் வீட்டிலாவது இப்படி இருந்தால் எனக்குத் தனி மடல் போடுங்கள். சித்தியோடு அலைந்த தம்பியிடம் பேச ஏற்பாடு செய்கிறேன்.