புதுப்பிப்பு: ஸ்டாம்ப் மை இனி ஈஷாது

போன வாரம், அண்ணன் மகளுக்காக நான் கையால் செய்யும் பிறந்தநாள் அட்டையில் பூ அச்சு ஸ்டாம்பின் மை ஈஷிக்கொள்கிறது, பூவின் நடுப்பகுதி விழவே இல்லை என்று புலம்பியிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன. பளபளப்பான அட்டை மையை உறிஞ்சாது, அதுதான் காரணம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) மேட் அட்டைக்கு, அதாவது பளபளப்பில்லாத அட்டைக்கு மாறினேன், சீக்கிரமே காய்ந்துவிட்டது. நடுப்பகுதிக்காக, அட்டைக்கு அடியில் பழைய மவுஸ் பேடை வைத்து, ஸ்டாம்பை ஆட்டாமல் நேராக அழுத்தி எடுத்தேன். ஒவ்வொரு இதழின் நரம்பும் அப்படியே விழுந்திருக்கிறது!

ஏ4 அட்டையைப் பாதியாக மடித்து, பூப்போட்ட காகிதத்தை நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டர் குறைத்து வெட்டி ஒட்டினேன். அந்த வெள்ளை ஓரம்தான் அழகே. தண்ணியான பசை வேண்டாம், காகிதம் சுருங்கிவிடும். இருபக்க டேப் போதும்.

"அத்தை, இது நீங்களே செஞ்சதா?" என்று கேட்டுவிட்டு, பூவை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள் குட்டி.