காம்பி பாய்லருக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்?

மயூர் விஹாரிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இந்தக் குழுவுல வாயே தொறக்காம படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப ஒரு அவசரம், அதான் எழுதறேன்.

பையன் இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கான். போன சர்தில (டெல்லியில முப்பது வருஷம் ஆச்சு, குளிர்காலம்னு வாய்ல வர மாட்டேங்குது) நானும் வீட்டுக்காரியும் அங்க ரெண்டு மாசம் தங்கிட்டு வந்தோம். இந்த டிசம்பர்ல சம்பந்தி ரெண்டு பேரும் போறாங்க, மருமகளுக்குப் பிரசவம். பையனும் மருமகளும் ஆஸ்பத்திரில இருக்கற நாள்ல வீட்ட இவங்கதான் பாத்துக்கணும். சம்பந்தியம்மா குன்னூர்க்காரங்க, தமிழ் மட்டும்தான் படிப்பாங்க. அந்த பாய்லரப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்கண்ணான்னு கேட்டாங்க. எழுத உக்காந்தா மொத வரியிலேயே மாட்டிக்கிட்டேன். அதுக்குப் பேரு என்ன?

சாமான் இதுதான்: கிச்சன் சுவத்துல மாட்டின ஒரு வெள்ளை டப்பா, நம்ம மளிகை அலமாரி ஒரு கதவு சைஸ். உள்ள கேஸ் எரியுது. அந்தச் சூட்டுல தண்ணி சூடாகி, வீடு பூரா சுவரோரம் நிக்கற இரும்புத் தகடுகளுக்குள்ள போய்ச் சுத்திட்டுத் திரும்ப டப்பாவுக்கே வருது. அதே தண்ணிதான் மாசக்கணக்கா சுத்திச் சுத்தி வரும், குழாய்ல வராது. பாத்ரூம்ல வெந்நீர்க் குழாயத் தொறந்தீங்கன்னா டப்பாவுக்குள்ள ஒரு வால்வு டக்குன்னு திரும்பி, ரூம் தகடுக்குப் போற சூட்ட நிறுத்திட்டு அத்தனையையும் குழாய்த் தண்ணிக்கு அனுப்பிடும். குழாய மூடினா மறுபடி ரூம் பக்கம். மாடில டாங்க் இல்ல, மூலைல வெந்நீர் பிடிச்சு வைக்கற சிலிண்டர் இல்ல. தண்ணி தெருக்குழாய்லேருந்து நேரா வந்து சூடாகி வெளிய வருது. இதத்தான் காம்பி பாய்லர்ங்கறாங்க, காம்பினேஷன்ங்கறதோட சுருக்கம்.

வீட்டுக்காரி மொத நாளே "கம்பி பாய்லரா, எங்க கம்பியக் காணோம்"னா. அவ மனசுல வாளில போடற ராடு. சம்பந்தியம்மாவும் அப்படித்தான் நெனப்பாங்க, அதனால எழுத்துப்பெயர்ப்பு வேண்டாம்.

அகராதில பாத்தா கொதிகலன். யோசிச்சா ரெண்டு பாதியும் தப்பு. இதுல தண்ணி கொதிக்கிறதே இல்ல, ரூமுக்குப் போற தண்ணி 60, 70 டிகிரிதான், கொதிச்சா அது கோளாறு. கலன்னா எதையோ பிடிச்சு வைக்கிற பாத்திரம், இது வெந்நீரப் பிடிச்சு வைக்கிறதும் இல்ல, வைக்காததுதான் இதோட பெருமையே.

எங்க பாட்டி வீட்டு செம்பு பாய்லர்தான் ஞாபகம் வருது, நடுக்குழாய்ல கரியும் தேங்காச் செரட்டையும் எரியும், மேல ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்தினாதான் மூக்கு வழியா ஒரு சொம்பு வெந்நீ வரும். இந்த டப்பாவும் அதே கதை, உள்ள வர்ற பச்சத்தண்ணியோட அழுத்தம்தான் வெந்நீரத் தள்ளுது, தெருத்தண்ணி நின்னா வெந்நீரும் நின்னுடும். ஆனா பாட்டியோடதுல குடம் குடமா தண்ணி நிக்கும், இதுல இல்ல.

என் யோசனை: இருவழி வெந்நீருலை. ஒரே நெருப்பு, ரெண்டு வழி. உள்ள திரும்பற வால்வுக்கு வழிமாற்றி. சொல்லுங்க.

ஜனக்புரியிலிருந்து:

ஐயா, நான் பதர்பூர் அனல்மின் நிலையத்துல பாய்லர் பக்கத்துலயே ஆயுசக் கழிச்சவன், அந்த நிலையத்தையே 2018 அக்டோபர்ல மூடிட்டாங்க. அங்க நீராவி 500 டிகிரிக்கு மேல போகும், அதுக்குக் கொதிகலன்னா பொருந்தும். 2025 வரைக்கும் இருந்த 1923 பாய்லர் சட்டம்கூட நீராவி உண்டாக்கற மூடின பாத்திரத்தைத்தான் பாய்லர்னு சொல்லிச்சு. ஆனா கொதிக்காததுக்கு பாய்லர்னு பேர் வச்சது இங்கிலீஷ்காரன், அவன் தப்ப நாம ஏன் திருத்தணும்? இருபயன் கொதிகலன்னு வச்சுட்டுப் போங்க, பாடநூல்ல ஏற்கனவே கொதிகலன் இருக்கு.

இருவழி வேண்டவே வேண்டாம். இருவழிச் சாலைன்னா ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் வண்டி போகும். இது அப்படியில்ல, ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

பேர் கிடக்கட்டும், வாங்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். டப்பாவோட சைஸ முடிவு பண்றது ரூம் இல்ல, குளியல். ஒரு சாதாரண வீட்டச் சூடு பண்ண 8, 10 கிலோவாட் போதும், ஆனா 24க்குக் கொறஞ்சு யாரும் வைக்கறதில்ல. கணக்குப் போட்டுப் பாருங்க, தெருத்தண்ணிய 35 டிகிரி ஏத்தணும்னா 24 கிலோவாட்ல நிமிஷத்துக்குப் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் கீழதான் வரும். நம்ம 15 லிட்டர் வாளி நிறைய ஒண்ணரை நிமிஷம். நம்ம ஊர் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர்ல அதே சூட்டுக்கு நிமிஷத்துக்கு 1.2 லிட்டர், அதாவது ஒரு பெரிய சொம்பு.

வசந்த் குஞ்சிலிருந்து:

வணக்கம் அண்ணை. நாங்கள் யாழ்ப்பாணம், லண்டனில பன்னிரண்டு வருசம் இருந்து போட்டு இவற்ற வேலைக்காக டெல்லி வந்தனாங்கள். எங்கட ஆக்கள் கொம்பி எண்டுதான் சொல்லுறது, காம்பி எண்டு ஒருத்தரும் சொல்லாயினம்.

அந்த ஐயா சொன்ன கணக்கு முழு உண்மை. எங்கட முதல் வீட்டில ஒரு குளியலறை, கொம்பி சோக்கா வேலை செய்தது. பிறகு ரெண்டு குளியலறை வீட்டுக்குப் போய் அங்கையும் கொம்பியே பூட்டினம், காலமை மனுசன் மேல குளிக்க மகள் கீழ பைப்பைத் திறந்தால் மேலயிருந்து ஒரே சத்தம். ரெண்டு பேர் ஒரே நேரம் குளிக்கிற வீடெண்டால் சிலிண்டர் வச்ச வகைதான் சரி, இடம் பிடிக்கும், ஆனால் சண்டை வராது. அதோட லண்டன் தண்ணி சரியான சுண்ணாம்பு, உள்ளுக்க இருக்கிற தகட்டில படிஞ்சு படிஞ்சு சூடு குறைஞ்சு போச்சுது, கழட்டிக் கழுவ வந்தவன் காட்டேக்க கேத்திலுக்கு அடியில பிடிக்கிற அதே வெள்ளை.

எங்கட அம்மா அதுக்கு சுடுதண்ணிப் பெட்டி எண்டு பேர் வச்சிருந்தவ. உங்கட சம்பந்தியம்மாவுக்கு உலை எண்டால் அரிசி போடத்தான் தோன்றும்.

முனிர்காவிலிருந்து:

அண்ணா, உலை மட்டும் வேணாம் ப்ளீஸ். ஒண்ணு அணுஉலை, இல்லன்னா "பொழப்புக்கே உலை வச்சுட்டான்". பச்சக் குழந்த வர்ற வீட்டுல உலை வச்சாங்கன்னு எழுதுவீங்களா? சங்கத்தமிழ்ல குளிர்காயற நெருப்புச் சட்டிக்கு தடவுன்னு ஒரு சொல் இருக்கு, நெடுநல்வாடைல வருது, அத எடுத்துக்கலாமே.

மயூர் விஹாரிலிருந்து:

தம்பி, தடவு அருமையான சொல், ஆனா "குளிரா இருந்தா தடவைத் தொடவும்"னு நான் சம்பந்திக்கு எழுதினா குடும்பத்துல என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. உலைய வாபஸ் வாங்கிக்கறேன். இருவழியும் போச்சு, ஐயா சொன்னது நியாயம்.

ஆனா கொதிகலன ஒத்துக்க மாட்டேன் ஐயா, மன்னிக்கணும். இங்கிலீஷ்காரன் தப்ப நாம சொமக்கணும்னு இல்ல. கீசரையே பாருங்க, ஐஸ்லாந்துல ஒரு வெந்நீரூத்தோட பேரு, 1868ல லண்டன்ல மாகன்ங்கறவர் தன்னோட கேஸ் வெந்நீர் மெஷினுக்கு வச்சாரு, இன்னிக்கு அங்க அந்தப் பேர் வழக்கத்துலயே இல்ல, நாம பத்திரமா பாத்ரூம்ல மாட்டி வச்சிருக்கோம். உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியாது, ஜனங்க பாய்லர்னுதான் சொல்லப் போறாங்க, அது எனக்கும் தெரியும். ஆனா பேரப் படிச்சுட்டு "கொதிக்கணும் போல, இன்னும் கொதிக்கலையே"ன்னு அவங்க சூட்டக் கூட்டற குமிழத் திருகிடக் கூடாது, அதான் என் பயம். சூட்ட 75ல வச்சா வீடு சீக்கிரம் சூடாகும், ஆனா காசு போகும். இது பொகையில இருக்கற ஆவியையும் குளிரவச்சு சூட்டப் பிடிக்கற வகை, இங்கிலாந்துல 2005 ஏப்ரல்லேருந்து புதுசா வைக்கறது பெரும்பாலும் அதுதான். ரூமச் சுத்திட்டுத் திரும்பற தண்ணி 55க்குக் கீழ இருந்தாதான் ஆவி தண்ணியாகும், இல்லன்னா அந்தச் சூடு பொகையோட வெளியதான் போகும். பையன் 60ல வச்சிருக்கான், அதத் தொடாதீங்கன்னு எழுதணும், கொதிகலன்னு தலைப்புப் போட்டுட்டு அத எப்படி எழுதறது?

வசந்த் குஞ்ச் தங்கச்சி சொன்னதுல எனக்குப் பளிச்சுன்னு பட்டது பெட்டி. நாம வீட்டுக்குள்ள வந்த மெஷினுக்கெல்லாம் அப்படித்தானே பேர் வச்சிருக்கோம், இஸ்திரிப் பெட்டி, ரேடியோப் பெட்டி, டிவிப் பெட்டி. கலன் பாடநூலோட நின்னுடுச்சு, பெட்டிதான் வீட்டுக்குள்ள வந்துது. சுடுதண்ணிப் பெட்டின்னு மட்டும் விட்டா கீசருக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது, ரூம் சூடு விட்டுப்போகுது. அதுக்குத்தான் குளிர்காயற நெருப்புக்குச் சொல்ற கணப்பு இருக்கே. குன்னூர்ல பழைய பங்களாவுல கணப்பு இருக்கும், சம்பந்தியம்மாவுக்கு அது வெளக்கவே வேண்டாம். ஆக வெந்நீர்க் கணப்புப் பெட்டி, பேச்சுல கணப்புப் பெட்டி. ஐயாவோட இருபயன அகராதிப் பதிவுக்கு எடுத்துக்கலாம், இருபயன் கணப்புப் பெட்டின்னு.

ரேடியேட்டருக்குக் கணப்புத் தகடு. கதிர்வீச்சின்னு ஒருத்தர் எனக்குத் தனி மடல்ல எழுதியிருந்தார், பிரசவ வீட்டுல கதிர்வீச்சா, வேற வெனையே வேண்டாம். அதுவும் அந்தத் தகடு கதிரா வீசறதவிடக் காத்தச் சூடாக்கி மேல அனுப்பறதுதான் ஜாஸ்தி, அதனாலதான் முன்னாடி சோபாவப் போட்டு மறைக்காதீங்கங்கறாங்க. சென்ட்ரல் ஹீட்டிங்குக்கு நடுவண் சூடேற்றம் வேண்டாம், டெல்லில உக்காந்துட்டு நடுவண்னு எழுதினா அரசுன்னுதான் கை தானா போகுது.

இனி எழுதின குறிப்புலேருந்து ரெண்டு எடம் போடறேன், சொல் ஓடுதான்னு பாருங்க. ரெண்டும் என் தலைல விடிஞ்சது. மூணாவது வாரம் ஒருநாள் பையன் ஆபீஸ்ல, வீடு சில்லுன்னு ஆயிடுச்சு, கேஸ் தீந்துடுச்சோன்னு அடுப்பப் பத்தவச்சா எரியுது. போன் பண்ணினேன், கீழ இருக்கற முள்ளப் பாருப்பாங்கறான். அழுத்தம் 0.4 பார்ல நிக்குது.

"பெட்டியின் அடியில் வட்டமான அழுத்தமானி இருக்கும். பெட்டி ஆறியிருக்கும்போது முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே இறங்கிவிட்டால், அடியில் பின்னல் போட்ட வெள்ளிநிறக் குழாய் ஒன்று இருக்கும், அதுதான் நிரப்புக்குழாய். அதன் இரண்டு முனையிலும் உள்ள சிறிய திருகைத் திறங்கள். ஸ்ஸ் என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். முள் ஒன்றேகாலைத் தாண்டியதும் இரண்டையும் மூடிவிடுங்கள். மறந்து திறந்தே விட்டால் மூன்றுக்குப் போய், குக்கர் வெயிட் தூக்குவதுபோலக் காப்பு வால்வு திறந்து வீட்டுக்கு வெளியே தண்ணீர் கொட்டும். வாரம் ஒருமுறை முள் இறங்கினால் எங்கோ கசிகிறது, பிள்ளையிடம் சொல்லுங்கள்."

இன்னொண்ணு ராத்திரி நல்லா உறைபனி பிடிச்ச காலைல. பெட்டிக்குள்ள ஹூக்கா இழுக்கற மாதிரி களகளன்னு சத்தம், ஏதோ எரர் கோட் காட்டிட்டு நின்னுடுச்சு. நான் சொன்ன ஆவித்தண்ணி ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியா வெளிய போகும், அது உறஞ்சு அடச்சுக்கிச்சு. "வெதுவெதுப்பான தண்ணீரை அந்தக் குழாயின்மேல் ஊற்றுங்கள், கொதிக்கிற தண்ணீர் கூடாது, பிறகு மீட்டமை பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள்"னு எழுதியிருக்கேன். மீட்டமைங்கற சொல்ல (ரீசெட் பட்டன்தான்) அடிச்சுட்டு "திரும்பத் தொடங்கும் பொத்தான்"னு மாத்தலாமான்னு ஒரு எண்ணம். அந்தக் குழாய்க்கு வடிநீர்க்குழாய்னு போட்டேன், ஆனா வீட்டுக்காரி வடிநீர்னா சாக்கடையாங்கறா.

பெட்டிய மட்டும் தொறக்கவே கூடாதுன்னு பெரிய எழுத்துல போட்டாச்சு. அங்க கேஸ் சேஃப்ங்கற பதிவேட்டுல பேர் பதிஞ்சவங்க மட்டும்தான் கேஸ் வேல பாக்கலாம், நம்ம தெருமுனை மிஸ்திரி கணக்கு நடக்காது. இங்க ஜன்னலே இல்லாத பாத்ரூம்ல கேஸ் கீசரப் போட்டுட்டு மயங்கி விழறவங்க கதை சர்தி தவறாம பேப்பர்ல வருது. அதனால பெட்டி பக்கத்துல இருக்கற கார்பன் மோனாக்சைடு (அந்த மயக்கத்துக்குக் காரணமான விஷ வாயு) அலாரம் கத்தினா ஜன்னல், கதவத் தொறந்துட்டு எல்லாரும் வெளிய வாங்கன்னு தனி வரி. அலாரத்துக்கு அபாயமணி. நச்சுப்புகை மணின்னு யாரோ சொன்னாங்க, ஆனா அந்த வாயு கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது, புகைன்னு எழுதினா "புகையே வரலையே, சும்மா கத்துது"ன்னு பேட்டரியக் கழட்டிடுவாங்க.

வெள்ளிக்கிழம பிரின்ட் போடப் போறேன், சம்பந்தி ஞாயித்துக்கிழம கெளம்பறாங்க. வடிநீர்க்குழாய்க்கு வேற நல்ல சொல் இருந்தா வியாழன் ராத்திரிக்குள்ள அனுப்புங்க. யாழ்ப்பாணத்துல அதுக்கு என்ன சொல்லுவீங்க தங்கச்சி?