ஜூனியருக்கு எந்தக் கட்டம், ஏ/எல்லுக்கு எந்தக் கட்டம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட், முனைவர் பட்ட மாணவி:

என் ஆய்வு தோட்டத் துண்டாடலை, அதாவது பெரிய ரப்பர் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்றதைப் பற்றியது. 1960-இல் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வரை வருகிறது. உரிமையாளர்களின் சார்பில் ஏஜென்சி நிறுவனங்கள் தோட்டங்களை நிர்வகித்த முறையை விளக்க, அமெரிக்க வணிக வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் டி. சேண்ட்லர் ஜூனியரின் 1962, 1977 நூல்கள் எனக்குத் தேவைப்பட்டன. விவரங்களைத் தரவுத்தளங்களிலிருந்து, மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் தொகுத்துத் தரும் மென்பொருளான ஸோட்டேரோவுக்கு இறக்கினேன்.

ஒரு பதிவில் குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே 'சேண்ட்லர் ஜூனியர்' என்று இருந்தது. மற்றதில் 'ஜூனியர்' மட்டுமே குடும்பப் பெயர். நூற்பட்டியலில் மனிதர் 'சி' வரிசையைக் காலி செய்துவிட்டு 'ஜே' வரிசைக்குக் குடிபோய்விட்டார். ஸோட்டேரோவில் ஜூனியர் போன்ற பின்னொட்டுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. முதற்பெயர்க் கட்டத்தில் 'ஆல்ஃபிரட் டி.' என்று எழுதி, ஒரு காற்புள்ளி வைத்து, அதன்பின் 'ஜூனியர்' என்று சேர்க்க வேண்டும். அந்தக் காற்புள்ளியைப் பார்த்துத்தான் மென்பொருள் அதைப் பின்னொட்டு என்று புரிந்துகொள்கிறது. இப்படிச் செய்ததும் ஏபிஏ என்ற மேற்கோள் பாணியில் அமைந்த பட்டியலில் 'சேண்ட்லர், ஏ. டி., ஜூனியர்' என்று ஒழுங்காக வந்தது. கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் 'சேண்ட்லர், 1977' மட்டுமே. அங்கே ஜூனியர் வராது; ஏபிஏ விதியே அதுதான். விட்டுப்போய்விட்டது என்று யாரும் கையால் சேர்த்துவிடாதீர்கள்.

அத்துடன் தீரவில்லை. ஒரு பதிவில் 'ஆல்ஃபிரட் டி.', மற்றதில் வெறும் 'ஆல்ஃபிரட்'. மென்பொருளின் கணக்கில் இவர்கள் இரண்டு வெவ்வேறு சேண்ட்லர்கள். எனவே பிரித்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று கட்டுரைக்குள் முதலெழுத்துகளையும் ஒட்டிவிட்டது. இரண்டு பதிவுகளிலும் பெயரை எழுத்துப் பிசகாமல் ஒன்றாக்கிய பிறகுதான் அடங்கியது.

ஓய்வுபெற்ற நூலகர், அதே ஊர்:

தங்கச்சி, ஸோட்டேரோ போன்ற இன்னொரு மென்பொருளான எண்ட்நோட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் குடும்பப் பெயர், முதற்பெயர், ஜூனியர் என்ற வரிசையில் இரண்டு காற்புள்ளிகள். நூல் விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து மற்றதற்கு மாற்றப் பயன்படும் ஆர்ஐஎஸ் கோப்பிலும் அதே வரிசைதான். லாடெக் ஆவணங்களுக்கான நூற்பட்டியல் வடிவமான பிப்டெக்கில் மட்டும் ஜூனியர் நடுவில் வருவார்: 'சேண்ட்லர், ஜூனியர், ஆல்ஃபிரட் டி.' ஒன்றின் வரிசையை மற்றதில் அப்படியே ஒட்டினால் ஜூனியர் முதற்பெயராகிவிடுவார், ஆல்ஃபிரட் பின்னொட்டாகிவிடுவார். மருத்துவ மாணவர்கள் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் பார்த்திருப்பார்கள்: அங்கே ஜூனியருக்கு முன் காற்புள்ளியும் இல்லை, பின் புள்ளியும் இல்லை. ரோமன் எண்ணில் மூன்று போட்டுக்கொள்பவர் அங்கே '3ஆம்' என்று மாறிவிடுவார். அது பிழையன்று, அவர்கள் வழக்கம்.

'துன்', 'டத்தோ' போன்ற மலேசிய கௌரவப் பட்டங்களை எந்தக் கட்டத்திலும் போடாதீர்கள். 'துன்' முதற்பெயராகி அதன் முதலெழுத்தும் பட்டியலில் ஏறிய ஆய்வேடுகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ரப்பர் ஆய்வுக்கூட உதவியாளர்:

அக்கா, உங்களுக்கு ஒரு ஜூனியர்தான். தென் அமெரிக்க இலைக்கருகல் நோயைப் பற்றி எழுதுகிற எனக்குப் பிரேசில்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள்: ஜூனியர், ஃபில்ஹோ, நெட்டோ. மகன், பேரன் என்று உறவைச் சொல்லும் ஒட்டுகள். நீங்கள் சொன்ன காற்புள்ளி வித்தை இங்கே செல்லாது. பிரேசிலின் வழக்கப்படி அந்த ஒட்டு குடும்பப் பெயரோடு சேர்ந்தே நிற்க வேண்டும். 'சில்வா ஃபில்ஹோ' இரண்டையும் குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே விட்டுவிட்டேன். திருத்தாமல் விட்டால் 'ஃபில்ஹோ, ஜே. எஸ்.' என்று வரும் தரவுத்தளப் பதிவுகளும் உண்டு. மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பகுதிநேர முதுகலை:

எல்லோரும் ஜூனியரைச் சொல்கிறீர்கள். மலாயில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்று பொருள்படும் நம் ஏ/எல், ஏ/பி என்ன ஆவது? உதாரணத்துக்கு 'ரவி ஏ/எல் முனியாண்டி' என்று ஓர் ஆய்வேடு. மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'முனியாண்டி, ஆர்.' என்று அச்சடிக்கிறது. எழுதியவர் ரவி, பெயர் வாங்குபவர் அப்பா! பொருளாதார அறிஞர் ஜோமோ குவாமே சுந்தரத்துக்கும் இதே கதி. அவரோ தம் நூல்களில் 'ஜோமோ கே. எஸ்.' என்று போட்டுக்கொள்கிறவர். சரிபார்க்காவிட்டால் ஒரே பட்டியலில் 'ஜே' வரிசையில் ஒரு முறையும் 'எஸ்' வரிசையில் ஒரு முறையும் வந்து நிற்பார்.

ஓய்வுபெற்ற நூலகர்:

சார், ஏ/எல்லைப் பின்னொட்டாக நினைக்கவே கூடாது. ஜூனியர் ஒருவருடைய பெயருக்குப் பின்னால் வருவது. ஏ/எல் இரண்டு பேருடைய பெயர்களுக்கு நடுவில் நிற்பது. ஸோட்டேரோவில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகும். அதில் 'ரவி ஏ/எல் முனியாண்டி' என்று முழுதாக எழுதிவிடுங்கள். எண்ட்நோட்டில் முழுப்பெயரை எழுதி இறுதியில் ஒரு காற்புள்ளி, பிப்டெக்கில் இரட்டை நெளிவு அடைப்பு.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

அப்படிச் செய்தால் கட்டுரைக்குள்ளும் முழுப்பெயர் வருகிறதே, ஐயா?

ஓய்வுபெற்ற நூலகர்:

வரும். 'ரவி' மட்டும் போதும் என்றால், குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'ரவி', முதற்பெயர்க் கட்டத்தில் 'முனியாண்டி' என்று மாற்றிப் போட்டு ஏ/எல்லை விட்டுவிடலாம். எனக்கு அது பிடிக்காது, ஆனால் ஏற்றுக்கொள்ளும் துறைகள் இருக்கின்றன. தட்டச்சு செய்யத் தொடங்கும் முன் உங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள்.